வீடே தொழிற்கூடமானால்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

வீட்டில் இருந்தபடியே வேலை பார்ப்பது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. எனினும் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, அது ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று போலவே பேசப்பட்டது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிந்து வந்த என் பெரியப்பா மகன், ஊரடங்குக்கு இரண்டு நாள் முன்னதாக மடிக்கணினியும் கையுமாகக் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். பெரியப்பா வீட்டில் இரண்டு தறிகள் ஓடும், பேச்சுக் கேட்காது. ஆகவே பிள்ளையார்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தோம். நான் அப்போது பள்ளி மாணவன்.

ஒரு மாதம் சென்றதும் அண்ணன் சலித்துக்கொண்டார். வேலை எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்றே தெரியவில்லை, சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் அலுவலகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்றார். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆயா சிரித்துவிட்டார். "இதுல என்னடா அதிசயத்தைக் கண்ட? இந்தத் தெருவுல எவன் வேலைக்குன்னு வெளியே போனான்?" என்றார்.

அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. மேசையும் மின்விசிறியும் உள்ள அறையில் இருந்து வேலை செய்வோர், வேலையையும் குடும்பத்தையும் எவ்வாறு சமன் செய்வது என்று எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே வேலை செய்துவரும் நெசவாளர் வீட்டில் அந்தச் சமன் எப்படி நடைபெறுகிறது, அதன் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை நான் அறிந்த அளவில் இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். வாசலைத் தாண்டினால் கூடம். கூடத்தின் பெரும்பகுதி தறிக்கு உரியது. தறி என்றால் குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் நெய்பவர் அமர்ந்து, குழிக்குள் காலை இறக்கி மிதிகளை மிதிப்பார். தறியின் கால்கள் மண்ணிலேயே ஊன்றியிருப்பதால் பலகை அடிக்கும் அதிர்ச்சியைப் பூமி வாங்கிக்கொள்கிறது, தறி ஆடுவதில்லை. தரையை ஒட்டி இழைகள் இருப்பதால் ஈரப்பதமும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே, இது வசதியில்லாதவன் வெட்டிய பள்ளம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம், நல்ல பொறியியல். ஆனால் அதே குழியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் ஊறிவிடும். அந்த நாட்களில் தொழிற்கூடம் மூடியிருக்கும், கூலி கிடையாது.

பாவு எதிர்ச்சுவர் வரை நீண்டு கிடக்கும். கூடத்தின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் செல்ல வேண்டுமானால் குனிந்து நுழைய வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். தறிக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி. அதற்காகவே கூரை உயர்த்திக் கட்டப்பட்டது. சமையலறையை மூலையில் ஒதுக்கியதும் தறிக்காகவே. புகை பட்டால் ஜரிகை மங்கும். எண்ணெயோ மஞ்சளோ ஒரு சொட்டுப் பட்டால் சேலையே பழுதாகும். நான் சிறுவனாக இருந்தபோது மைப் பேனாவுடன் கூடத்துக்குள் நுழைந்தால் அடி விழும். பூனை வளர்க்கக் கூடாது, பாவில் தாவும். எலிக்காகப் பூனை வேண்டும் என்று ஆயா சொல்வார்; எலி கஞ்சி போட்ட இழையைக் கடிக்கும். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆக, வீட்டுக்குள் ஒரு தறி இருக்கிறது என்று சொல்வது பிழை. தறிக்குள்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த குரோவா ரூஸ் குன்றுப் பகுதியில் இன்றும் பழைய வீடுகள் நிற்கின்றன. அவற்றின் கூரை ஏறத்தாழ 4 மீட்டர் உயரம். 1804இல் ஜக்கார்டு அமைத்த கருவியை வைப்பதற்காகவே அவ்வளவு உயரம். தரைமட்டம் முழுவதும் தறிக்குப் போக, குடும்பத்தினர் பக்கத்தில் அமைத்த பரணில் ஏறிப் படுத்தார்கள். அவர்களுக்கும் கூலி உருப்படிக் கணக்கில்தான். 1831ஆம் ஆண்டு அக்டோபரில் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. வணிகர்களில் பலர் அதை ஏற்க மறுத்தனர். நவம்பரில் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து நகரையே சில நாட்கள் தம் வசம் வைத்திருந்தனர். அந்த ஜக்கார்டின் துளையிட்ட அட்டைகளைத்தான் பின்னர் சார்லசு பாபேசு தம் கணக்கிடும் பொறிக்குப் பயன்படுத்த எண்ணினார். பின்கட்டு அறையில் அண்ணன் தட்டிக்கொண்டிருந்த கணினிக்கும் கூடத்தில் அப்பா மிதித்துக்கொண்டிருந்த தறிக்கும் உறவுமுறை உண்டு என்று அன்று நான் சொன்னபோது இருவருமே நம்பவில்லை.

ஆனால் இருவர் வேலைக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று இருந்தது. அண்ணனுக்கு மாதச் சம்பளம். அவரை இரவு பத்து மணிக்கு அழைத்தால் அழைத்தவர் மேலதிகாரி. கோபம் கொள்வதற்கு ஓர் ஆள் இருந்தார். வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புகளில் இருந்து ஊழியர் விலகியிருக்கும் உரிமையைப் பிரான்சு 2017இல் சட்டமாகவே கொண்டுவந்தது. அப்பாவை இரவு பத்து மணிக்கு யாரும் அழைப்பதில்லை. அவரே போய்த் தறியில் உட்காருகிறார். சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்பது கூலி. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை பத்து நாளிலும் முடியும், இருபது நாளும் ஆகும். இன்று இன்னும் ஒரு சாண் நெய்தால் நாளை சற்று எளிது என்ற கணக்கு எப்போதும் மனத்தில் ஓடும். முன்பணம் வாங்கியிருந்தால் அந்தக் கணக்கு இன்னும் வேகமாக ஓடும். எந்தச் சட்டத்தாலும் அணைக்க முடியாத தொலைபேசி அது.

இதில் சுதந்திரமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆலைகள் வருவதற்கு முன் இங்கிலாந்தில் வீட்டிலிருந்து நெய்தவர்கள் திங்கட்கிழமையைத் தாமாகவே விடுமுறையாக்கிக்கொண்டு, வாரக் கடைசியில் இரவும் பகலும் நெய்து ஈடுகட்டினார்கள் என்று வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் காண்கிறோம். எங்கள் தெருவிலும் அப்படித்தான். அமாவாசையன்று தறி ஓடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை. நான் குழந்தையாக இருந்தபோது தூளியைத் தறிக்கு அருகிலேயே கட்டியிருந்தார்களாம். பலகைச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வேனாம். தந்தையின் முகத்தை நாள் முழுவதும் பார்த்து வளர்ந்தவன் நான். வெளியூர் வேலைக்குப் போன தந்தையரின் பிள்ளைகளான என் வகுப்பு நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுப் பொறாமைப்பட்டதுண்டு.

ஆனால் அமாவாசையன்று விடுமுறை தறிக்கு மட்டுமே. அன்றைக்குத்தான் அம்மா கூடத்தை முழுவதும் கழுவுவார், குழியைத் துடைப்பார், ஒரு மாதத் தூசியைப் போக்குவார், விரதச் சமையல் வேறு. இதை நான் பல ஆண்டுகள் பார்த்தும் பார்க்காதவனாகவே இருந்திருக்கிறேன்.

நெசவு என்றால் நாடா எறிவது மட்டும் என்று வெளியில் இருப்போர் நினைப்பர். நாடாவுக்குள் தார் இருக்க வேண்டும். ஊடை நூலைத் தாரில் சுற்றித் தருவது அம்மாவும் ஆயாவும். பட்டு நூலைப் பிரித்து, அறுந்தால் முடிந்து, ராட்டையில் சுற்ற வேண்டும். ஒரு பாவு முடிந்து மறு பாவு வந்தால் பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புதிய இழையின் நுனியைப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். எங்கள் வீட்டில் ஒரு பாவு மூன்று சேலைக்கு வரும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது வீட்டில் உள்ள அனைவரும் ஒரு கை பிடிக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு சேலை. கூலிப் புத்தகத்தில் இருப்பதோ ஒரே பெயர். அப்பாவின் பெயர்.

2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் நெசவாளர் சுமார் 26.7 லட்சம், தார் சுற்றுவது போன்ற துணைவேலை செய்வோர் சுமார் 8.5 லட்சம். அந்த எண்ணிக்கையில் என் அம்மா போன்றோரும் தொழிலாளர்தான். கூலிப் புத்தகத்தில் இல்லாதவர் கணக்கெடுப்பில் இருக்கிறார் என்பது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவே இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "தார் சுத்துறதெல்லாம் ஒரு வேலையா? சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல செய்யறது" என்றார்.

அவர் எப்போது சும்மா உட்கார்ந்திருந்தார் என்று அறிய எனக்கு ஆவல் எழுந்தது. இயற்பியல் செய்முறை வகுப்பில் எதையும் அளந்து எழுதிப் பழகிய புத்தி. சென்ற ஆண்டு நவராத்திரி விடுமுறையில் ஏழு நாட்கள், செய்முறை ஏட்டைப் போலவே கட்டம் போட்ட நோட்டு ஒன்றில், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று அரைமணிக்கு ஒருமுறை குறித்து வந்தேன்.

அப்பாவின் பக்கத்தை எழுதுவது எளிதாக இருந்தது. தறியில் சராசரியாக ஒரு நாளுக்கு ஒன்பது மணி நேரம். உணவு, சந்தைக்குப் போவது, முதலாளி வீட்டுக்குப் போவது, திண்ணைப் பேச்சு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்தில் விழுந்தது.

அம்மாவின் பக்கத்தில்தான் என் முறையே உடைந்து போயிற்று. அரிசி கொதிக்கிறது; அடுப்புக்கு எதிரே அமர்ந்து தார் சுற்றுகிறார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தொழிலா, வீடா? ஆயாவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே அறுந்த இழையை முடிகிறார். அப்பா "தார்" என்று குரல் கொடுக்கிறார். துவைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு, ஈரக்கையைத் துடைத்து உலர்த்திக்கொண்டு வருகிறார். ஈரக்கையால் பட்டைத் தொடக் கூடாது. அந்தக் கை உலரும் இரண்டு நிமிடம் எந்தக் கணக்கில் சேரும்? இரண்டு கட்டத்திலும் குறி போடத் தொடங்கினேன். ஏழாம் நாள் கூட்டிப் பார்த்தபோது நூல் வேலை நாளுக்கு நாலரை மணி, வீட்டு வேலை எட்டு மணி, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது ஒன்றரை மணி. "சும்மா" என்ற தலைப்பில் ஒரு பத்தி போட்டிருந்தேன். அதில் மாலையில் தொலைக்காட்சித் தொடர் பார்த்த நேரம் இருந்தது. அப்போதும் கையில் நூல் இருந்தது.

வேலையையும் வீட்டையும் சமன் செய்வது என்று நாம் பேசும்போது தராசின் இரண்டு தட்டுகளை மனத்தில் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் தட்டு ஒன்றுதான். அப்பாவின் ஒன்பது மணி நேரம் தடையின்றி ஓடுவதற்காக அம்மாவின் நாள் அரைமணித் துண்டுகளாக அறுபடுகிறது. பின்கட்டில் இருந்த அண்ணனுக்கும் ஒரு கதவு இருந்தது, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வேளாவேளைக்கு அந்தக் கதவைத் தட்டித் தட்டில் சோறு வைத்தவரும் அம்மாதான். இவ்வாறு எழுதுவதால் அப்பாவைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். குழியில் காலை விட்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் முதுகுத்தண்டு இருக்கும் இடம் தெரியும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கை, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து தொழில் செய்தனர் என்றும், அவர்களுள் 14.7 கோடிப் பேர் பெண்கள் என்றும் மதிப்பிடுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்வோரையும் ஏனைய தொழிலாளரைப் போலவே நடத்த வேண்டும் என்று அதே அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்று ஒப்பவில்லை. நம் மாநில அரசு கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 200 அலகாக இருந்த இலவச மின்சாரத்தை 2023இல் 300 அலகாக உயர்த்தியது. தறிக்கு மேல் எரியும் விளக்கும் சமையலறை விளக்கும் ஒரே மீட்டரில் ஓடும் வீட்டுக்கு இது உண்மையான உதவி. மீட்டராவது இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறது.

நோட்டில் நான் எதிர்பாராத ஒரு பக்கமும் இருந்தது. அதைச் சொல்வதற்குக் கோர்வை என்றால் என்ன என்று விளக்க வேண்டும்.

காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நாடா இரண்டு கரைகளையும் உடலையும் கடந்து போனால் கரையின் நிறம் கலங்கிவிடும். ஆகவே மூன்று நாடாக்கள். இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதுவே கோர்வை. இழுத்தாலும் கரை பிரியாது. ஆனால் மூன்று நாடாக்களை ஒருவர் எறிய முடியாது. நெய்பவருக்கு வலப்புறம் ஒருவர் உட்கார்ந்து வலக்கரை நாடாவை எறிய வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் இருந்து அந்த வலப்புறம் என்னுடையது. காலையில் பள்ளிக்கு முன் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதை முற்றிலும் தடை செய்தது. ஆயினும் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு அளித்தது. நான் செய்தது அந்த "உதவி". எந்த இடத்தில் உதவி முடிந்து வேலை தொடங்குகிறது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். வாய்ப்பாட்டை நாடா எறிந்துகொண்டே மனப்பாடம் செய்தவனுக்குத் தெரியவில்லை.

பிறகு நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். செய்யாற்றுப் பேருந்தைப் பிடிக்கக் காலை ஏழரைக்குப் புறப்பட வேண்டும். செய்முறை வகுப்புள்ள நாட்களில் வீடு திரும்ப ஆறரை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால், படிக்கிறவனைத் தொந்தரவு செய்யாதே என்று ஒரு சட்டம் வீட்டில் தானாகவே அமலுக்கு வந்தது. நானும் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டேன். வலப்புறத்தில் இப்போது யார் உட்காருகிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதை மணிக்கணக்கில் எழுதிப் பார்த்தது அந்த ஏழு நாட்களில்தான். காலை ஐந்தரை முதல் ஏழரை வரை தங்கை. மாலை ஆறு முதல் எட்டு வரை தங்கை. விடுமுறை நாளாகையால் இடையிலும் தங்கை. அவள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். உயிரியல் பிரிவு.

நான் செய்துவந்த வேலை, நான் கல்லூரிக்கு வந்ததால் மறைந்து போய்விடவில்லை. பேருந்தில் ஏறும்போது அதை இறக்கி வைத்துவிட்டு வந்தேன், வேறொருவர் எடுத்துக்கொண்டார். ஆற்றல் அழிவின்மை விதியை முதலாண்டுத் தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தேன்.

நோட்டில் என் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். அதில் நூல் வேலை என்ற பத்தியும் வீட்டு வேலை என்ற பத்தியும் ஏழு நாளும் வெறுமையாக இருந்தன. "குறிப்பெடுத்தல்" என்று மட்டும் எழுதியிருந்தது.

அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். தங்கையின் பக்கத்தில் சற்று நேரம் நின்றார். பிறகு நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான்கு நாள் கழித்து அந்தப் பாவு முடிந்தது. புதுப் பாவு வாங்கப் போனவர் கோர்வை இல்லாத பாவோடு திரும்பினார். கரையும் உடலும் ஏறக்குறைய ஒரே நிறம். ஒரே நாடா போதும். வலப்புறத்தில் ஆள் வேண்டாம். சேலைக்குக் கூலி குறைவு.

அம்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. முன்பணம் இன்னும் கழியவில்லை, கூலி குறைந்தால் வட்டிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அப்பாவிடம் அதற்குப் பதிலும் இல்லை. "மார்ச் வரைக்கும்" என்று மட்டும் சொன்னார். தங்கைக்கு மார்ச்சில்தான் பொதுத்தேர்வு.

இப்போது மாலையில் வீடு திரும்பியதும் ஒரு மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முழுவதும் நான் தார் சுற்றுகிறேன். அந்த நேரத்தில் அம்மா என்ன செய்கிறார் என்று கவனித்தேன். முதல் வாரம் வேறு வேலை செய்தார். இரண்டாம் வாரம் ஒருநாள் திண்ணையில் போய் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் எழுந்து வந்து நான் சுற்றிய தாரை எடுத்து அமுக்கிப் பார்த்தார். தளர்வாக இருக்கிறதாம், நாடாவுக்குள் சிக்கும் என்று நான்கைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

இதை எழுதும் இன்று தறியில் இரண்டாவது சேலை பாதியில் நிற்கிறது. தங்கை பின்கட்டு அறையில், அண்ணன் மடிக்கணினி வைத்திருந்த மேசையில் படித்துக்கொண்டிருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது.